வெறுங்கைக் காணிக்கை

1998ஆம் வருஷம் சித்திரை மாதம் மானகிரியில் கணக்கு வாத்தியார் ஞானசேகரின் வீட்டில் குடியிருந்தவர்கள் இரண்டு பேர். சுவர்களில் இருந்த நிழல்கள் இருநூற்றுப் பதினேழு. அதே மாதம் காரைக்குடிச் சந்தையில் தக்காளி கிலோ ஏழு ரூபாய்க்கு விற்றது. நிழல்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் மானகிரிக்கு வந்தவர்களல்ல. அவர்கள் மலேசியாவின் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் பாரிஸிலும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல்கள் அந்தந்த ஊர் நேரப்படி இங்கே நடந்துகொண்டன. டொரண்டோக்காரர்களின் நிழல்கள் நம்முடைய பகலில் சுவரடியில் வரிசையாகப் படுத்திருக்கும். வாத்தியாரின் மனைவி ஜெசி அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் வீடு கூட்டுவார். பாரிஸ்காரர் ஒருவரின் நிழல் தினமும் முற்பகலில் நாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களைவரை போய்த் திரும்பும். நாய் தன் நிழலைக் கொடுக்காததால் கயிறு மட்டும் அந்தரத்தில் இழுபடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் வாரம் எட்டிப் பார்க்க வந்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்ட அந்தச் சித்திரையில், இருநூறு பேரின் நிழல் விழுந்த அந்த ஓட்டு வீட்டில் மட்டும் கார்த்திகை மாதத்துக் குளிர்ச்சி இருந்தது.

ஞானசேகர் இருபது வருஷமாக வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தவர். பத்தொன்பது கதைகள் அச்சடித்த வருத்தச் சீட்டோடு திரும்பி வந்தன. இருபதாவது திரும்பியே வரவில்லை. 1997 ஆவணியில் அவருடைய பழைய மாணவன் பாண்டீஸ்வரன் காரைக்குடி செக்காலை ரோட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மூன்று கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் திறந்தான். வாத்தியார் ஒரு தொடர்கதையைக் கையால் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். தமிழ் எழுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விதமாக உடைந்த காலம் அது. அதனால் பாண்டீஸ்வரன் பக்கங்களை அப்படியே படமாக ஸ்கேன் செய்து வலைப்பக்கத்தில் ஏற்றினான். கதை எளிமையானது. கண்டரமாணிக்கத்துக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் ஒரு புளியமரத்தடியில் பஸ் நின்றுவிடுகிறது. டிரைவர் பேன் பெல்ட் வாங்கப் போகிறார். இருபத்திரண்டு பயணிகள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போது அவரவர் வாழ்க்கை வெளியே வருகிறது. கண் தெரியாத ஒரு மிட்டாய் வியாபாரியும் அவரை ஏமாற்றிய மருமகனும் அதே பஸ்ஸில் இருந்தார்கள். கதை நன்றாகவே இருந்தது. ஐந்தாவது வாரத்தில் அது எந்தெந்த ஊரிலோ படிக்கப்படுவதாக பாண்டீஸ்வரன் கண்டுபிடித்தான்.

ஆனால் மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு இணைப்பு வாங்க வேண்டியிருந்தது. மணிக்கு எண்பது ரூபாய். வாத்தியார் சம்பளத்தில் அது எத்தனை வாரம் தாங்கும் என்று பாண்டீஸ்வரனே கேட்டான். வெளிநாட்டுப் பக்கங்களில் கதைக்கு அடியில் ஒரு பெட்டி வைக்கிறார்கள், பிடித்தவர்கள் அதில் இவ்வளவு என்று எழுதிப் பொத்தானை அழுத்துகிறார்கள், கட்டாயமில்லை என்றான். பெட்டிக்கு மேலே ஐந்து டாலர், பத்து டாலர் என்று போடலாமா என்றும் கேட்டான். ஞானசேகருக்குக் காது சிவந்துவிட்டது. அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகக் கும்பிடும் மாதா கோவிலில், திருவிழா அன்று ஒரு கூடையைத் துணியால் மூடி வைப்பார்கள். வருகிறவர்கள் துணிக்குள் கையை விட்டுக் காணிக்கையைப் போடுவார்கள். மிளகோ உப்போ நோட்டோ, யார் என்ன போட்டார்கள் என்று பார்க்கக்கூடாது. ஒன்றும் இல்லாதவர்கள் வெறுங்கையை விட்டு எடுப்பார்கள், அதுவும் காணிக்கைதான். ஆகவே பெட்டியில் எதுவும் போடக்கூடாது, காலியாக இருக்கட்டும், காலியாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொன்னார்.

“காலிப் பெட்டிய வாங்கக்கூடாதுன்னுதான் சார் கம்ப்யூட்டர் புத்தகத்துலயே போட்டிருக்கு,” என்றான் பாண்டீஸ்வரன். “வெறும் பெட்டிய வாங்குனா என்ன வருமுன்னு யாருக்குத் தெரியும்?”

“வெறுங்கையத் தட்டிவிடச் சொல்றியாக்கும்? நீ வையி.”

எண்களை எழுதியவர்களின் எண்கள் எண்களாகவே நின்றுவிட்டன. வெளிநாட்டுப் பணத்தை வாங்க பாங்கில் கொடுத்த படிவங்களை நிரப்ப வாத்தியாருக்குக் கூச்சமாக இருந்தது. ஜெசி அவற்றை அலமாரித் தட்டில் விரித்து மேலே எண்ணெய்ப் புட்டியை வைத்தார். பெட்டியை நிரப்பாமல் பொத்தானை அழுத்தியவர்களிடமிருந்துதான் காணிக்கை வந்தது. ஐப்பசி மாதம் அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஈரக்கறை மாதிரி ஒன்று தெரிந்தது. ஜெசி சுண்ணாம்பு வைத்துத் தேய்த்தார். கறை கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தது. மறுநாள் ஈப்போவிலிருந்து ஒரு பெண்மணியின் கடிதம் கம்ப்யூட்டரில் வந்தது. பெட்டியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே அழுத்திவிட்டேன், மன்னிக்கவும், அந்தச் சமயம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார். தன் நிழல் காணாமல் போனதை அவர் கவனிக்கவில்லை. அதிகம் பேர் கவனிக்கவில்லை. பகலெல்லாம் குழல் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கும், மேகம் மூடிய ஊர்க்காரர்களுக்கும் நிழல் தேவைப்படுகிற நேரம் குறைவு.

நிழல்கள் கையெழுத்துப் பிரதியின் பின்னால் போகும் பழக்கமுள்ளவை. வாத்தியார் சனிக்கிழமை அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் பத்துப் பதினைந்து நிழல்களும் கூட ஏறிக்கொள்ளும். கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழிப்பார். அவை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வந்து நின்ற ஒரு மணி நேரமும் பாண்டீஸ்வரனின் கம்ப்யூட்டர்கள் சூடாகாமல், இடையில் நிற்காமல் ஓடின. அதனால் அவன் வாத்தியாரிடம் மணிக்கு எண்பது ரூபாய் வாங்குவதை விட்டுவிட்டான். படித்தவர்கள் மனமுவந்து கொடுத்ததில் கதை நடந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏழாவது அத்தியாயம் வந்த வாரம் சிங்கப்பூர்க்காரர் ஒருவர், கதை இழுக்கிறது, இனிப் படிக்கப்போவதில்லை என்று எழுதினார். அன்று மாலைக்குள் அவர் நிழல் சுவரை விட்டுப் போய்விட்டது. கதை முடிகிறவரைதான் நிழல் தங்கும் என்பதை ஞானசேகர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டதுதான் அவருக்குக் கெடுதலாக முடிந்தது.

தை மாதம் அவர் கடைசி அத்தியாயத்தை எழுதினார். ஐந்து பக்கம். டிரைவர் பேன் பெல்ட்டோடு திரும்பி வருகிறார், பஸ் கிளம்புகிறது. நன்றாக வந்திருப்பதாக அவருக்கே தோன்றியது. அதை எடுத்து டிரங்குப் பெட்டியில் தன் கல்யாணக் கோட்டுக்கு அடியில் வைத்தார். மறுநாள் உட்கார்ந்து, பயணிகள் டீ வரவழைத்துக் குடிப்பதைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதினார். அதற்கடுத்த வாரம் ஒருவர் தன் வரப்புத் தகராறைச் சொன்னார். அதற்கடுத்த நான்கு வாரம் ஒரு குழந்தையின் செருப்பைத் தேடினார்கள். அந்தப் பஸ் எத்தனை நாளாக நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக் குளிர்ச்சி போய்விடும் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணம், அவர் பேனாவைத் திறந்ததும் நாலு சுவரிலும் இருந்த நிழல்கள் அவர் கையை நோக்கிச் சாய்ந்ததுதான். பேனா நின்றால் அவையும் அசையாமல் நின்றன. இருபது வருஷமாக நாற்பது பிள்ளைகளின் கண்கள் வாசல் பக்கமே இருந்த வகுப்பில் நின்று பாடம் எடுத்தவர் அவர். தன் அடுத்த வரிக்காக இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு அறையை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை.

ஜெசிக்கு அந்த வீட்டில் மிளகாய் காயவில்லை, துணி காயவில்லை, தோய்த்த பாவாடையில் பூஞ்சை பிடித்தது. பங்குனியில் அவர் கோட்டுக்கு அந்துருண்டை போடப் போய் ஐந்து பக்கத்தையும் பார்த்தார். நின்றபடியே படித்துவிட்டு இருந்த இடத்தில் வைத்தார். அன்று சாப்பாடு பரிமாறும்போதுதான் கேட்டார்.

“கோட்டுக்கு அடியில வச்சிருக்கீகளே, அது என்ன முட்டையா? குஞ்சு பொரிக்கட்டும்னு அடைகாக்குறீகளா?”

ஞானசேகர் ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது, முடிந்துபோன ஒன்றை முடியவில்லை என்று சொல்லிவருவதாகப் பங்குச்சாமியாரிடம் சொன்னார். சாமியார் தினமும் மதியம் ஈப்போக்காரியின் நிழலுக்கு அடியில் நாற்காலி போட்டுத் தூங்குகிறவர். அவர் வெகுநேரம் யோசித்து, அது எந்தக் கட்டளைக்குக் கீழே வரும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

மாசி மாதத்தில் வந்த ஒரு நிழல் மற்றவை போல் இல்லை. இடது தோள் தாழ்ந்த நிழல். மற்றவை உட்கார்ந்தும் படுத்தும் இருந்தபோது இது மட்டும் காலையிலிருந்து குனிந்து குனிந்து எதையோ முறுக்கிக் கட்டிக்கொண்டே இருந்தது. வாத்தியார் வீட்டு வடக்குச் சுவரில், அவர் மேஜைக்கு நேர் எதிரே அது வேலை செய்தது. சித்திரை பிறந்ததும் அது சாயம் போன வேட்டி மாதிரி வெளுக்க ஆரம்பித்தது. மதிய நேரத்தில் இரண்டு தடவை முழங்காலில் கைவைத்து நின்றதை ஞானசேகர் பார்த்தார். மூன்றாவது தடவை அது தரையில் உட்கார்ந்தது. அதற்கு மறுநாள் அவர் மேஜையைத் திருப்பித் தெற்குச் சுவரைப் பார்க்கப் போட்டுக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்துக்காக என்று ஜெசியிடம் சொன்னார். தெற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது.

வைகாசி முதல் வாரத்தில் கண்டரமாணிக்கத்திலிருந்து பொன்னுத்தாயி என்கிற பெண் ஒயர் கூடையோடு வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய கணவர் குழந்தைவேலு, மழை பொய்த்த மூன்று வருஷத்தில் நிலத்தை அடமானம் வைத்துவிட்டு, ஷார்ஜாவில் கட்டடத்துக்குக் கம்பி கட்டப் போனவர். போய் நாலு வருஷமாகிறது. பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசியபோது விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கம்பெனியின் டைம்கீப்பர், ஒரு மலையாளி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவருக்கு அந்தப் பஸ் கதையைக் காட்டுவார். தினமும் தான் பஸ்ஸுக்கு நின்ற புளியமரம் அதில் வந்ததைப் பார்த்து அவர் பொத்தானை அழுத்தினார். பெட்டியில் எழுத அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தமிழ் எழுத்து அந்த மெஷினில் இல்லை. காலியாக அழுத்தினார். அன்றிலிருந்து அவருக்கு நிழல் இல்லை. நிழல் உள்ளவன் மேல் வெயில் பட்டால் அது அவனிடத்தில் நின்று, மிச்சம் நிழலாகக் கீழே விழும். நிழல் இல்லாதவனிடம் வெயிலுக்கு நிற்க இடமில்லை. அது உள்ளே நுழைந்து குடல்வழியாக மறுபக்கம் போய்விடும். ஆறாவது மாடியில் குழந்தைவேலுவுக்கு நாள் முழுக்க அப்படிப் போனது. மானகிரி வாத்தியார் வீட்டுச் சுவர்களில் நிழல்கள் இருப்பதையும், கதை முடிந்தால்தான் அவை திரும்பும் என்பதையும் பொன்னுத்தாயி ஊரில் கேள்விப்பட்டிருந்தார்.

பொன்னுத்தாயி நாலு சுவரையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வடக்குச் சுவர் முன்னால் நின்றார். வேலை செய்துகொண்டிருந்த நிழலின் தாழ்ந்த தோளுக்கு நேரே கையை வைத்தார். பிறகு அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். புளிச்சோறு. ஒரு கவளத்தை உருட்டித் தரையில் நிழலின் பக்கமாக வைத்துவிட்டு, தான் சாப்பிட்டார். ஜெசி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும்தான் பொன்னுத்தாயி வாத்தியாரைப் பார்த்துப் பேசினார்.

“நீங்க படிச்சவுக. நான் சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த பஸ்ஸு எப்பத்தான் கெளம்பும்?”

ஞானசேகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னும் எழுதி முடிக்கலம்மா.”

அடுக்களையில் ஜெசி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பொன்னுத்தாயி தலையை ஆட்டிக்கொண்டார். எழுதுவது என்பது சிரமமான வேலைதான், எங்க வீட்டுக்காரவுகளே அப்படித்தான் சொன்னாக, அவசரப்படுத்த வேண்டாமென்று சொன்னாக என்றார். கூடையை எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனார். அந்த மன்னிப்பு ஞானசேகருக்கு நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அப்படியும் அவர் ஒன்பது நாள் ஒன்றும் செய்யவில்லை. முதல் நாள் லைன் கிடைக்கவில்லை என்று பாண்டீஸ்வரன் சொன்னான், அது உண்மை. மற்ற எட்டு நாளும் லைன் இருந்தது. அந்த எட்டு நாளும் அவர் கோட்டைத் தூக்கிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். ஜெசி அவரோடு பேசுவதை நிறுத்தி, நிழல்களோடு பேசிக்கொண்டு சமைத்தார்.

பத்தாவது நாள் காலையில் வடக்குச் சுவரில் அந்த நிழல் குப்புறக் கிடந்தது. மதியம்வரை எழுந்திருக்கவில்லை. பாண்டீஸ்வரன் சைக்கிளில் வந்து, மலையாளி டைம்கீப்பர் அனுப்பிய நாலு வரியைப் படித்துக் காட்டினான். குழந்தைவேலு வேலையிடத்தில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் பனிக்கட்டி மேல் படுக்க வைத்திருக்கிறார்கள், வெயில் எங்கிருந்து உள்ளே நுழைந்தது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. ஞானசேகர் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கோட்டைக் கீழே எறிந்துவிட்டு ஐந்து பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான் போடாமல் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மதியம் இரண்டு மணிக்குக் கடைசி அத்தியாயம் ஏறியது.

மறுநாள் அதே நேரத்துக்குள் இருநூற்றுப் பதினாறு நிழல்கள் போய்விட்டன. ஈப்போக்காரி படித்து முடித்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். பாரிஸ்காரர் போகும்போது கயிறு கொஞ்ச நேரம் தங்கி, பிறகு அதுவும் போனது. டொரண்டோக்காரர்கள் தூங்கி எழுந்து படித்ததால் கடைசியாகப் போனார்கள். வெயில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அண்டை வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டினார்கள். சாமியார் நாற்காலியைக் கோவிலுக்கு எடுத்துப்போனார். வடக்குச் சுவரில் ஒரே ஒரு நிழல் மட்டும் குப்புறக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குக் கதை எங்கிருந்து கிடைக்கும்?

ஞானசேகர் கண்டரமாணிக்கம் போய்ப் பொன்னுத்தாயியைக் கூட்டிவந்தார். நடந்ததைச் சொன்னார், டிரங்குப் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. காரைக்குடி ஐ.எஸ்.டி. பூத்தில் இருவரும் கண்ணாடிக் கதவுக்குள் நெருக்கி நின்றார்கள். அந்தப் பக்கம் டைம்கீப்பர் வார்டு போனைக் குழந்தைவேலுவின் காதில் வைத்தார். ஞானசேகர் ஐந்து பக்கத்தையும் வாசித்தார். குரல் இரண்டு தடவை உடைந்தது. பஸ் கண்ணாடியில் படிந்த பனியை டிரைவர் முழங்கையால் துடைத்ததையும், மப்ளர் கட்டிய பயணிகள் கையைத் தேய்த்துக்கொண்டே ஏறியதையும், கண் தெரியாத வியாபாரி தன் மருமகனுக்கு ஜன்னலோரம் இடம்விட்டதையும் வாசித்தார். முடிந்ததும் அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது. டிரைவர் வந்துட்டாரா, சரிதான் என்றது குரல். ஞானசேகர் பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். நிழல் எழுந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் போகவில்லை என்றார் ஜெசி.

மறுபடி ஷார்ஜாவுக்குப் போட்டு, உங்க நிழலு இன்னும் இங்கனதான் இருக்கு, கூப்பிடுங்க, வந்துரும் என்று கெஞ்சினார்.

“கூப்புடல சார்,” என்றார் குழந்தைவேலு. நிறுத்தி நிறுத்திப் பேசினார். “அன்னைக்கு எம் பொஞ்சாதி அது பக்கத்துல உக்காந்து சாப்புட்டாளாம்ல. நாலு வருசமா நான் அவகூட ஒருவேளை சாப்புட்டதில்ல. அது அங்கனயே இருக்கட்டும். அவ ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்.”

பொன்னுத்தாயி ரிசீவரை வாங்கி, கிறுக்கு மனுசா என்று ஒரு தடவை சொன்னார். அன்று மாலை அவர் மானகிரி வந்து வடக்குச் சுவர் முன்னால் நின்று, வாங்க போவோம் என்றார். நிழல் எழுந்து அவர் பின்னால் நடந்தது. பஸ்ஸில் அவர் இரண்டு டிக்கெட் கேட்டார். கண்டக்டர் கொடுத்தார்.

குழந்தைவேலு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் மறுபடி ஆறாவது மாடிக்குத்தான் போக வேண்டும். ஞானசேகர் மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார். நாலாவது நாள் பாண்டீஸ்வரனிடம் போய்ப் புதிதாக ஒரு வலைப்பக்கம் வேண்டும் என்றார். யார் பேரில் என்று அவன் கேட்டான். குழந்தைவேலு பேரில். அவர் என்ன எழுதுகிறார் என்று கேட்டான். அவர் எழுதுவதில்லை.

“பெட்டி வைக்கணும்னா மேல ஏதாச்சும் வேலை இருக்கணும்ல சார். படிக்கிறதுக்கோ பாக்குறதுக்கோ.”

“வேலை இருக்கே. ஆறாவது மாடிக்குக் கம்பி கட்டுறாரு. அதை எழுது.”

பாண்டீஸ்வரன் அந்த ஒரு வரியை எழுதி, அடியில் காலிப் பெட்டியை வைத்தான். ஞானசேகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் எழுதாமல் பொத்தானை அழுத்தினார். எழுந்தபோது அவர் காலடியில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துக்கு அதற்குமுன்னும் அதற்குப் பின்னும் வேறு காணிக்கை வரவில்லை. ஆனி கடைசியில் டைம்கீப்பர் எழுதினார். குழந்தைவேலு வேலைக்குத் திரும்பிவிட்டார், இப்போது அவருக்கு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நிழல் இருக்கிறது, அது குடை பிடித்திருக்கிறது. இருபது வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் குடையோடு நடந்த நிழலுக்குக் குடையில்லாமல் நிற்கத் தெரியாது. கையில் கம்பியோடு குழந்தைவேலு நிற்கிற இடத்தில் அகலமாக ஒரு வட்டம் விழுகிறது, மதியம் பதினோரு பேர் அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சூப்பர்வைசரும் வருகிறார் என்று எழுதியிருந்தார்.

1999 ஆவணியில் குழந்தைவேலு ஒரு மாத லீவில் வந்தார். பொன்னுத்தாயியோடு மானகிரியில் இறங்கியபோது அவர் காலடியில் குடை நிழலும், பொன்னுத்தாயிக்கு இருபுறமும் அவருடையதும் கணவருடையதுமாக இரண்டு நிழல்களும் நடந்துவந்தன. ஞானசேகர் அப்போது கறுத்து மெலிந்திருந்தார்; வெயில் அவருக்குள்ளேயும் போய்வந்துகொண்டிருந்தது. நிழலை வாங்கிக்கொள்கிறீர்களா என்று குழந்தைவேலு முதலில் கேட்டார். ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே, வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஞானசேகர். ஜெசி சமைத்துப் போட்டார். சாப்பிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது ஞானசேகர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கடைசி அத்தியாயத்த நான் அந்தத் தையிலேயே எழுதிட்டேன். பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். நீங்க விழுந்த அன்னைக்கும் அது பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு.”

“தெரியும் சார்.”

ஜெசி திரும்பிப் பார்த்தார். குழந்தைவேலு பாக்கைக் கடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

“முந்துன வாரக் கதைவரைக்கும் வெயில்ல விசிறிக்கிட்டுக் கெடந்த ஆளுக, டிரைவர் வந்ததும் மப்ளரோட ஏறுனாகளே. வெயில்ல வேலை பாக்குறவனுக்கு அது தெரியாதா? தை மாசத்துல எழுதுனதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம இருந்தீக?”

“உங்க குரலு நடுங்குச்சு சார். அதுக்கு மேல என்னத்தக் கேக்க?”

குழந்தைவேலு திட்டியிருந்தால் அன்று இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டிருப்பேன் என்று ஞானசேகர் பின்னால் ஜெசியிடம் சொன்னார். நாலு மணி பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு அவர் ரோட்டில் நின்றார். அவர் நின்ற இடத்தில் தரை முழுக்க ஒரே வெயிலாக இருந்தது. எதிரே பால் வண்டியோடு வந்த மாயக்கண்ணன், அவரைப் பார்த்ததும் சைக்கிளை மேற்குப் பக்கமாகத் திருப்பி, தன் நிழல் அவர் மேல் விழும்படி நிறுத்திக்கொண்டு, மாடு ஈன்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மானகிரியில் அப்போதெல்லாம் அவரிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் சூரியன் இருக்கும் பக்கமாகப் போய் நின்றுகொண்டுதான் பேசினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வீட்டுக்கணக்கைக் காட்ட அப்படித்தான் வந்து நின்றார்கள். ஞானசேகர் ஒவ்வொரு தடவையும் தலை குனிந்துகொண்டார். வேண்டாமென்று ஒரு தடவையும் சொல்லவில்லை.